சுண்ணாம்புமேட்டுப் பிடியரிசி

ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருக்கும் சுண்ணாம்புமேட்டுச் சபைக்கு பிஷப் கிடையாது. அவர்கள் சார்ந்த சங்கம் சென்னையில் இருந்தது. அது யோசனை சொல்லலாம், மானியம் தரலாம். உத்தரவு மட்டும் போட முடியாது. கூரைக்கு ஓடு மாற்றுவதா, மணிக்குப் புதுக் கயிறு வாங்குவதா, குடித்துவிட்டு வந்தவரை, ரொட்டியும் ரசமும் பகிரும் ராப்போஜனத்திலிருந்து எத்தனை மாதம் விலக்கி வைப்பது, எல்லாமே சபைக் கூட்டத்தில் கை தூக்கித்தான் தீர்மானம். இரண்டு தலைமுறையாகத் தூக்கித் தூக்கி, அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு வலது கை இடது கையைவிட ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. ஆம்பூர்த் தையற்காரர் அளவெடுக்கும்போதே, "சுண்ணாம்புமேடா?" என்று கேட்டுவிடுவார்.

அந்தக் கைகளை எண்ணி எழுதுகிறவர் ஞானாபரணம். வார நாட்களில் மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சபைக் காரியதரிசி. ஊரில் எல்லாரும் அவரைச் செக்கரட்டரி என்றுதான் அழைத்தார்கள். தோல் ஷாப்பு நாற்றம் அவர் சட்டையில் இருக்கும், எழுத்தில் இருக்காது என்று போதகர் மாசிலாமணி சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் ஞானாபரணம் அன்று முழுவதும் சாப்பிடாமலே இருந்துவிடுவார், அவ்வளவு நிறைந்துபோகும்.

அவர் எழுதிவந்த புத்தகங்களில் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டது ஒன்றைத்தான்: பிடியரிசிக் கணக்கு. உலையில் அரிசி போடும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிறன்று கலயத்தைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னாலிருக்கும் பெரிய கூடையில் கொட்டுவார்கள். இன்னார் வீடு, இத்தனை அரிசி என்று ஞானாபரணம் அளந்து எழுதி உரக்கப் படிப்பார். பிறகு அது பக்கத்து அறை மரப்பெட்டிக்குப் போகும். பெட்டி நிறைந்ததும், ஆம்பூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கவுஸ் பாஷா விலை கொடுத்து எடுத்துக்கொண்டு போவார். யார் வீட்டுக்கும் "இல்லை" என்று படித்த ஞாயிறு அதுவரை ஒன்றுகூட இல்லை.

முப்பத்தொன்றாம் வருஷம் சீமையில் தோல் விலை விழுந்தது. சீமைக்காரர்கள் ஏன் திடீரென்று செருப்பில்லாமல் நடக்க ஆரம்பித்தார்கள் என்று சுண்ணாம்புமேட்டில் யாருக்கும் விளங்கவில்லை. சாயபு பாதித் தொட்டிகளைக் காயப்போட்டார். மீதித் தொட்டிகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை. மற்ற நாட்களில் ஊரே கேழ்வரகுக் கூழ் குடித்தது. உலையில் அரிசியே போடாத வீட்டில் பிடி எங்கிருந்து எடுப்பது?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஞானாபரணத்தின் மனைவி அமிர்தவள்ளி கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இன்னாங்க, காலி. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கோயிலுக்குப் போறது?"

"ஒரு வாரம் இல்லைன்னா இன்னா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்கதானே படிக்கணும். 'ஞானாபரணம் வீடு, இல்லை.' எங்க, ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

அவர் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். "இல்" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மரப்பெட்டிச் சாவி அவர் அரைஞாணில்தான் தொங்கியது. பொழுது சாயும் முன்னே போய், பெட்டியைத் திறந்து, ஒரு கலயம் அரிசி எடுத்தார். போகும் வழியெல்லாம் தன் கட்சியைத் தானே வாதாடிக்கொண்டு போனார். திருட்டு என்றால் பொருள் உடையவரைவிட்டுப் போக வேண்டும். இது ஆண்டவருடைய அரிசி. நாளைக் காலை மணி அடித்ததும் ஆண்டவரிடமே திரும்பி வந்துவிடும். நடுவில் ஒரு ராத்திரி தன் வீட்டில் தங்குகிறது, அவ்வளவுதான். விருந்தாளி மாதிரி. இந்த வாதம் அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் அன்று ராத்திரி அந்தக் கலயம் இருந்த பக்கம் அவர் திரும்பிப் படுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டு வேலாயுதம் கொல்லைப்புறமாக வந்தான். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் மிதிக்கிற வேலை, சபையில் டீக்கன். கையில் துணி மூடிய கலயம்.

"அண்ணா, போன சனிக்கெழம உங்க வூட்டுக் கலயம் காலியா இருந்துச்சாம். எங்க வூட்ல வேலி வழியா பாத்துச்சு. ஞாயித்துக்கெழம பாத்தா தலையத் தட்டி நெறஞ்சிருக்குதாம்."

ஞானாபரணம் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கு இன்னா இப்போ?"

"ஒண்ணுமில்லண்ணா. அந்த அற்புதம் எனக்கும் கொஞ்சம் வேணும்."

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அளந்தார். வேலாயுதம் சத்தியத்தைக் காப்பாற்றினான். பெண்டாட்டியிடம் மட்டும்தான் சொன்னான். அவளும் தன் அக்காளிடம் மட்டும்தான் சொன்னாள். இப்படி யாருமே யாரிடமும் சொல்லாமல், ஒரு மாதத்துக்குள் சபையின் எல்லாக் கலயங்களும் சனிக்கிழமை சாயங்காலம் ஞானாபரணம் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டன. தன்னையும் தனக்குச் சொன்னவரையும் தவிர இந்தக் கேவலம் வேறு யாருக்கும் இல்லை என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். ஆகையால் ஒருவர் கண்ணில் மற்றவர் படாதபடி அவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருத்தியை முருங்கைமரத்துக்குப் பின்னால், ஒருவரை வைக்கோற்போருக்கு அந்தப் பக்கம், இன்னொருவரைக் கிணற்றுப் படியில் என்று நிறுத்தி வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அளந்தார். ஒரு சனிக்கிழமை கூட்டம் அதிகமாகி, ஒரு மாமியாரையும் மருமகளையும் வைக்கோற்போரின் இரண்டு பக்கத்தில் நிறுத்தும்படி ஆயிற்று. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காகத்தான் வந்திருந்தார்கள்.

கடைசியாகப் போதகரின் மனைவி கிருபா அம்மாள் வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, முந்தானைக்குள் கலயம். கலயத்தை எடுத்து அவர் முன்னால் மண்ணில் வைத்தார்.

"ஐயாவுக்குத் தெரிய வேணாம் செக்கரட்டரி ஐயா," என்றார். "போதகர் வூடுன்னு நீங்க படிக்கறப்போ சபையே மூச்ச நிறுத்திக் கேக்குது."

ஞானாபரணம் கிருபா அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் இரண்டு பிடி கூடுதலாகப் போட்டார். வந்தது வினை. ஞாயிறன்று போதகர் வீட்டு அளவு உயர்ந்ததைக் கேட்டதும், போதகரைவிடக் கம்மியாகக் கொடுப்பதா என்று மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் பெரிய கலயத்தோடு வந்தார்கள். அரிசி அதே அரிசிதான். ஆனால் வாரா வாரம் பெட்டி முழுக்கக் காலியாகி, முழுக்க நிறைந்தது. கவுஸ் பாஷாவுக்கு விற்றுவிட்டால் அடுத்த ஞாயிறு என்ன ஆவது? அவர் வந்தபோது ஞானாபரணம் பெட்டி மூடியை முழுசாகத் திறக்கவில்லை.

"வெல ஏறட்டும் பாய். அப்புறம் குடுக்கறேன்."

கவுஸ் பாஷா குனிந்து மோந்து பார்த்தார். "ஏறுறது வெல இல்ல செக்கரட்டரி, வண்டு. இந்த அரிசிக்கு வயசாயிடுச்சு சாப். தாடி மொளச்சா என்கிட்ட சொல்லு, மரியாதையா வந்து பாத்துட்டுப் போறேன்."

அந்த வண்டுகள் மூன்று தலைமுறையாக அந்தப் பெட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. ஆராதனை தவறாமல் வந்தன. ஞானஸ்நானம் ஒன்றுதான் பாக்கி.

வருஷக் கடைசியில் சென்னைச் சங்கத்துக்கு அறிக்கை போக வேண்டும். அச்சடித்த படிவத்தில் வந்த காணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது. போன காணிக்கைக்குக் கட்டம் இல்லை. ஞானாபரணம் ஞாயிறு ஞாயிறாகக் கூட்டி, தன் முத்து முத்தான எழுத்தில் வந்ததை வந்தபடியே எழுதினார். ஊரே பட்டினி கிடந்த வருஷத்தில் சுண்ணாம்புமேட்டுச் சபையின் காணிக்கை முந்திய வருஷத்தைப் போல மூன்று மடங்கு. எழுதி முடித்துவிட்டுத் தன் எழுத்தை ஒரு தரம் ரசித்துப் பார்த்தார். பிறகு அந்த ரசிப்புக்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே தபாலில் போட்டார்.

சங்கம் அதை அச்சிட்டு எல்லாச் சபைகளுக்கும் அனுப்பியது. கூடவே ஒரு கடிதம்: இவ்வளவு கொடுக்கிற சபை இனி மற்றவர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சித்திரை முதல் சுயாதாரச் சபையாகத் தன் போதகருக்குத் தானே சம்பளம் கொடுக்கலாம். சங்கத்தின் மானியம் வேறொரு ஏழைச் சபைக்குப் போகும். சபையார் கூடித் தீர்மானிக்க வேண்டியது. சங்கத்திலிருந்து எட்வர்டு தங்கையா நேரில் வருகிறார்.

மாசிலாமணியின் சம்பளத்தில் முக்கால் பங்கு அந்த மானியம்தான். நாலு பிள்ளைகள். கடிதத்தை அவர் மேடையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

தங்கையா பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்தார். கெட்டவராக இருந்திருந்தால் ஞானாபரணத்துக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவரோ தங்கமான மனிதர். தொட்டிச் சுண்ணாம்பு அரித்த கால்களோடு பெண்களும் ஆண்களும் வரிசையாக வந்து கலயத்தைக் கவிழ்த்ததைப் பார்த்து, முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதார். ஆராதனை முடிந்ததும் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

"பட்டணத்துப் பெரிய மனுஷங்களுக்கு இதக் காட்டப் போறேன். இத விரிச்சு வெச்சிட்டு ஒரு வார்த்தையும் பேசமாட்டேன்," என்றார். ஞானாபரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "பகல் சாப்பாடு உங்க வூட்ல. வேற ஒண்ணும் வேணாம். இந்த அரிசியிலேயே ஒரு கவளம் வடிச்சுப் போடுங்க. அது எனக்கு ராப்போஜனம் மாதிரி."

அமிர்தவள்ளி புடைத்தாள், களைந்தாள், மறுபடி புடைத்தாள். சோறு எந்தப் பதத்துக்கும் வரவில்லை. பாதி குழைந்தது, பாதி கல்லாகவே நின்றது. வாசனை கூடத்துக்கு வந்தபோது வீட்டுப் பூனை எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. தங்கையா கண்ணை மூடி நீண்ட ஜெபம் பண்ணிவிட்டு முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். கொஞ்சம் யோசித்தார். மறுபடி மென்றார். கண் கலங்கிவிட்டது.

"இதத்தானா இவங்க தெனமும் சாப்பிடுறாங்க?" என்றார். "இதுலயா ஆண்டவருக்கு எடுத்து வெக்கிறாங்க?"

ஞானாபரணம் இலையில் விழுந்த பார்வையை எடுக்கவில்லை. தங்கையா இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றார். அமிர்தவள்ளி போட்டாள். போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிக்குச் சபைக் கூட்டம். ஞானாபரணம் தீர்மானப் புத்தகத்தை விரித்துத் தேதி போட்டார். 'இந்தச் சபை சித்திரை முதல் சுயாதாரச் சபையாக விளங்கத் தீர்மானிக்கிறது.' தங்கையா நாலு வார்த்தை நன்றாகப் பேசினார். எதிர்த்துப் பேச யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். அவர் தலைமை வகித்ததால் அவருக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. அதை ஒரு பாக்கியமாக எண்ணினார் போலிருந்தது. எதிர்த்து என்னவென்று சொல்வது? எங்களால் கொடுக்க முடியாது என்று எழுந்தால், இத்தனை நாள் கொடுத்தது எது என்ற கேள்வி வரும். எல்லாரும் அடுத்தவரைப் பார்த்தார்கள்; அடுத்தவர் தரையைப் பார்த்தார்.

"சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒவ்வொன்றாக எழும்பின. ஞானாபரணம் ஆண்கள் பக்கம் எண்ணி முடித்துப் பெண்கள் பக்கம் வந்தார். மூன்றாவது வரிசையில் கிருபா அம்மாள், மடியில் தூங்குகிற குழந்தையோடு, கையைத் தூக்கினார். தன் வீட்டு அடுப்பைத் தானே அணைக்கிற கை. உடைந்ததுபோக மிஞ்சிய ஒற்றைக் கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அதற்கு மேல் ஞானாபரணத்துக்கு எண்ணிக்கை ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஐயா, அந்த அரிசி இல்லீங்க."

"எது இல்ல?" என்றார் தங்கையா, சிரித்த முகத்தோடு.

"மூணு மடங்கு. அது ஒரே அரிசிதாங்க. போன வருஷத்து அரிசி. சனிக்கெழம பொட்டியிலர்ந்து எடுக்கறது, ஞாயித்துக்கெழம கொட்டறது. அதையே அளந்து அளந்து எழுதினேன்."

கோயிலில் கைகள் இறங்குகிற சத்தம் கேட்டது. கைக்குச் சத்தம் உண்டு என்று சபையார் அன்றுதான் அறிந்தார்கள்.

"எடுக்கறதுன்னா யாரு எடுக்கறது?"

ஞானாபரணம் எல்லார் முகத்தையும் பார்த்தார். கொல்லையில் பார்த்த அதே முகங்கள். அவர்கள் ஒவ்வொருவர் உதட்டிலும் ஒரே ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தாங்க. அறிக்கை அழகா வரணும்னு ஆசப்பட்டேன். நானே கொண்டுபோயி வூடு வூடாக் குடுத்து, கொட்டுங்கன்னு சொன்னேன். அவங்க யாரும் கேக்கல. செக்கரட்டரி சொல்றானேன்னு செஞ்சாங்க."

தங்கையா சபையைப் பார்த்துக் கேட்டார். "அப்படித்தானா?"

யாராவது ஒருவர் எழுந்து, இல்லை என்று சொல்வார்கள் என்று ஞானாபரணத்தின் மனசு ஒரு கணம் எதிர்பார்த்தது. அப்படி எதிர்பார்த்ததற்கே அவருக்குக் கூசியது. வேலாயுதம் எழுந்தான்.

"ஆமாங்கய்யா," என்றான் தன் கால் கட்டைவிரலிடம். "அண்ணன் சொல்றாரேன்னு…"

தங்கையா ஜேபியிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்து, அந்த ஒரு பிடி அரிசியை மேசைமேல் கொட்டினார். அதிலிருந்து ஒரு வண்டு இறங்கி, தீர்மானப் புத்தகத்தின் ஈரம் காயாத வரியில் நடந்துபோயிற்று.

"மானியம் நிக்காது. அத நான் பாத்துக்கறேன்," என்றார். "இவருக்கு என்ன செய்றதுன்னு நான் சொல்ல முடியாது. சங்கமும் சொல்ல முடியாது. அது உங்க சபை காரியம்." ஒரு நல்ல மனிதர் ஏமாந்து நிற்பதைப் பார்ப்பதைவிட அடி வாங்கியிருக்கலாம் என்று ஞானாபரணத்துக்கு இருந்தது.

மறுபடியும் வேலாயுதம்தான் எழுந்தான். ஒரு தரம் எழுந்தவன் என்பதால் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். "மூணு மாசம் ராப்போஜனத்துல விலக்கி வெக்கலாங்க."

கைகள் எழும்பின, இந்த முறை வேகமாக. தூக்காத கை காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில் இரண்டு கையையும் தூக்கியவர்களும் உண்டு. எண்ணுவது காரியதரிசியின் வேலை. ஆகையால் அவரே எண்ணினார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அமிர்தவள்ளியின் கையும் இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டு, 'ஏகமனதாக' என்று எழுதி, முறைப்படி உரக்கப் படித்தார். எழுத்து வழக்கம்போல அழகாகத்தான் விழுந்தது. அவருக்கே ஆத்திரமாக இருந்தது.

ஞானாபரணமும் அமிர்தவள்ளியும் வீட்டுக்குப் போகும் வழியில் ஆற்று மணலுக்கு வந்தார்கள்.

"நீயுமா?" என்றார்.

"பின்ன? நான் ஒருத்தி மட்டும் தூக்காம இருந்தா எனக்கும் தெரியும்னு ஆயிடாதா?" என்றாள். நாலு அடி நடந்து நின்றாள். "பேஜாராப் போச்சுங்க. தூக்கறப்போ கை கனத்துச்சு பாருங்க, கொடத்துத் தண்ணி மாதிரி." அதைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

விலக்கி வைத்தது ராப்போஜனத்திலிருந்து மட்டும்தான். பேனாவை வேறு யாரும் தொட முன்வராததால் அவரே காரியதரிசியாக நீடித்தார். அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டுக் கொல்லைக்கு யாரும் வரவில்லை. தெருவில் எதிரே வந்தவர்கள் சந்துக்குள் நுழைந்தார்கள். சந்தில்லாத இடத்தில் ஒருவர் கிணற்றுக்குள்ளேயே இறங்கி நின்றார் என்று கேள்வி. ஞானாபரணத்துக்கும் கோபம் இல்லாமல் இல்லை. அவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ராப்போஜன ஞாயிறு. ஞானஸ்நானம் பெறாதவர்கள் உட்காரும் கடைசி பெஞ்சில் ஞானாபரணம் போய் உட்கார்ந்தார். ஜெபம் முடிந்து ரொட்டித் தட்டு முதல் வரிசைக்கு வந்தது. வேலாயுதம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டு அவனைத் தாண்டியது. அவனுக்கு அடுத்தவர் இருமினார், எடுக்கவில்லை. அதற்கடுத்தவர் இருமக்கூட இல்லை. பெண்கள் பக்கம் அமிர்தவள்ளி தலை முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். தட்டு வரிசை வரிசையாகப் போய், போனபடியே பீடத்துக்குத் திரும்பியது. கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் குனிந்த முதுகுகளை அவரால் பார்க்க முடியவில்லை, அவரும் குனிந்துகொண்டார்.

எல்லாரும் போன பிறகு, வழக்கப்படி பதிவேட்டை எடுத்துக்கொண்டு போதகரிடம் போனார். அன்று ராப்போஜனம் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும்.

"ஒண்ணுன்னு போடட்டுங்களா ஐயா? நீங்க ஒருத்தராவது…"

"நானும் எடுக்கல," என்றார் மாசிலாமணி. அங்கியைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்திருந்தார். "நேத்து கிருபா எல்லாத்தையும் சொல்லிட்டா."

ஞானாபரணம் மையைத் தொட்டுக்கொண்டு நின்றார். "இந்தப் பதிவும் வருஷக் கடைசியில சென்னைக்குப் போவணுங்களே."

"போவட்டும்."

"யாரும் இல்லைன்னு படிச்சா சங்கத்துல இன்னா நெனப்பாங்க?"

"நீ எழுது," என்றார் போதகர். "இந்த ஒரு கணக்காவது சரியா இருக்கட்டும்."

அவர் 'இல்லை' என்று எழுதினார்.